மூன்று டிராம்: புகை விட்டுச்சென்ற ஓர் அளவு

போன அமர்வில் 'போரும் அமைதியும்' பற்றிப் பேசி முடிக்கும் நேரத்தில் ஒரு நண்பர் அரட்டையில் ஒரு கேள்வி போட்டிருந்தார். போரோடினோ களத்தைப் பியர் மேட்டின்மீது நின்று பார்க்கும் இடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் துப்பாக்கிப் புகை. முதல் உலகப்போரைப் பற்றிய நாவல்களுக்கு வந்தால் சுடுகிறவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்றே தெரிவதில்லை. நடுவில் அந்தப் புகை எங்கே போயிற்று? நேரம் முடிந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்காகத்தான்.

வழக்கமான பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். 1884-இல் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலாளர் புகையில்லாத வெடிமருந்தைச் செய்தார். 1886-இல் அதை வைத்துச் சுடும் லெபெல் துப்பாக்கி பிரெஞ்சு ராணுவத்துக்கு வந்தது, புகை போயிற்று. தவறில்லை. ஆனால் வியேய்க்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே பறவை சுடுகிறவர்கள் புகையில்லாமல், சரியாகச் சொன்னால் மிகக் குறைந்த புகையோடு, சுட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய மருந்து மரத்திலிருந்து வந்தது. அது விட்டுச்சென்ற தடம் ஒன்று இன்னும் அழியாமல் இருக்கிறது. அதை நான் கண்டது நூலகத்தில் அல்ல, ஒரு தோட்டாப் பெட்டியின்மேல்.

நான் இருக்கும் மின்னசோட்டாவில் களிமண் தட்டை மேலே வீசிச் சுடும் விளையாட்டு பிரபலம். அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். நான் சுட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தட்டுகள் எல்லாம் முழுசாகவே தரையிறங்கின. சும்மா நின்ற நேரத்தில் தோட்டாப் பெட்டியைப் படித்தேன். 12 போர். ரவை 1⅛ அவுன்ஸ். பக்கத்தில் '3 டிராம் சமானம்' என்று இருந்தது. எது மூன்று டிராம் என்று நண்பரைக் கேட்டேன். மருந்தின் அளவாக இருக்கும் என்றார். அது அப்படி இல்லை. டிராம் என்பது அவுன்சில் பதினாறில் ஒரு பங்கு, 1.77 கிராம். மூன்று டிராம் என்றால் 5.3 கிராம். அந்தத் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தோ ஒன்றேகால் கிராம் அளவுக்குத்தான் வரும். பெட்டிக்குள் எந்தப் பொருளும் மூன்று டிராம் எடை இல்லை. அப்படியானால் அந்த எண் எதை அளக்கிறது?

அது கருமருந்தை அளக்கிறது. அந்தப் பெட்டியில் இல்லாத கருமருந்தை.

கருமருந்து நமக்குத் தெரியாத பொருளல்ல. ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த வெள்ளைப் புகையும், மூக்கில் ஏறும் கந்தக நெடியும் நினைவிருக்கும். வெடியுப்பு நூற்றுக்கு 75, கரி 15, கந்தகம் 10 என்பது துப்பாக்கிக்கான பொதுவான கலவை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதே இல்லை. உப்புத் துகள்களாகப் பாதி வெளியே பறக்கிறது, அதுதான் புகை. மீதி குழலுக்குள் கரியாகப் படிகிறது. தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். இத்தனை குறை இருந்தும் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: பொறுமை. கரண்டியால் அள்ளிப் போடலாம், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். பிரிட்டிஷ் வேட்டைக்காரர்கள் 12 போர் துப்பாக்கிக்கு மூன்று டிராம் என்று ஓர் அளவுச் சிமிழ் வைத்திருந்தார்கள். அள்ளி, தட்டிச் சமன்செய்து, கொட்டினால் தீர்ந்தது. யாரும் தராசைத் தொடவில்லை.

தமிழில் இந்தப் பொருளுக்கு மருந்து என்றே பெயர் வைத்திருப்பதை நான் ரசிப்பதுண்டு. வேடிக்கை என்னவென்றால் டிராம் என்பதும் ஆங்கில மருந்துக்கடைக்காரர்களின் அளவுதான். ஆனால் அது வேறு டிராம். அவர்களுடைய டிராம் 60 கிரெய்ன், துப்பாக்கிக்காரர்களின் டிராம் 27 கிரெய்னைக் கொஞ்சம் தாண்டும். ஒரே பெயருக்குள் இரண்டு அளவு. இந்தக் கதையில் ஆபத்து திரும்பத் திரும்ப இந்த வழியில்தான் வரும்.

புகைக்கு வருவோம். படைவீரனுக்குப் புகை ஒரு தொல்லை. பறவை சுடுகிறவனுக்கு அது தோல்வி. இரட்டைக்குழல் துப்பாக்கியின் பயனே இரண்டாவது குண்டில் இருக்கிறது. முதல் குழல் சுட்டதும் எழும் புகை, காற்றில்லாத ஈரமான குளிர்காலக் காலையில், முகத்துக்கு நேரே திரைபோல நின்றுவிடும். அதற்குள் பறவை போய்விடும். லண்டன் பக்கத்தில் ஹர்லிங்கம் போன்ற மன்றங்களில் புறாக்களைப் பறக்கவிட்டுப் பந்தயம் கட்டிச் சுடுவார்கள். அங்கே அந்த இரண்டாவது குண்டின்மேல் பெரும்பணம் நின்றது. புகையை ஒழிக்க ராணுவத்தைவிட இவர்களுக்கு அவசரம் அதிகம்.

வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1846-இல் பாசல் நகரில் ஷேன்பைன் என்ற பேராசிரியர் பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் தோய்த்து வெடிபஞ்சு செய்தார். வீட்டுச் சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் மேலாடைத் துணியால் துடைத்து அடுப்பருகே உலர்த்த, அது பற்றி மறைந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். வெடிபஞ்சு எரிந்தால் நீராவியும் கரியமில வாயுவும் நைட்ரஜனுமாக மொத்தமும் வாயுவாகிவிடும், எச்சம் இராது. உலகம் துள்ளியது. மறு ஆண்டே, 1847 ஜூலையில், இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் வெடிபஞ்சு ஆலை வெடித்துச் சுமார் இருபது பேர் இறந்தார்கள். ஆஸ்திரிய ராணுவம் மட்டும் விடாமல் முயன்றது. 1860-களில் கிடங்குகள் வெடித்தபிறகு அவர்களும் கைவிட்டார்கள்.

கோளாறு இரண்டு. நாருக்குள் தங்கிவிடும் அமிலம் நாளாக நாளாகப் பஞ்சைத் தின்று சூடேற்றும். இதை 1865 வாக்கில் ஃபிரெடரிக் ஏபெல் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஓரளவு தீர்த்தார். காகித ஆலையில் செய்வதுபோல் பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவினால் அமிலம் போய்விடும் என்று காட்டினார். இரண்டாவது கோளாறு எரியும் வேகம். பஞ்சு முழுக்கக் காற்றறைகள். நெருப்பு மேலிருந்து கீழாகப் போவதில்லை, ஒரே நொடியில் எல்லா நாருக்குள்ளும் புகுந்துவிடும். வைக்கோல்போர் பற்றுவதற்கும் வைரம் பாய்ந்த கட்டை எரிவதற்கும் உள்ள வேறுபாடு. துப்பாக்கிக்குள் வெடிபஞ்சு ரவையைத் தள்ளுவதற்குப் பதில் குழலையே பிளந்துவிடும்.

இங்கேதான் யோகான் எட்வர்ட் ஷூல்ட்சே வருகிறார். பிரஷ்யப் பீரங்கிப் படையில் கேப்டன். 1864 வாக்கில் அவர் பஞ்சை விட்டுவிட்டு மரத்துக்குப் போனார். மரத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து, சிறு மணிகளாகத் துளைத்தெடுத்து, சோடாவில் கொதிக்கவைத்துப் பிசினை நீக்கி, வெளுத்து, பிறகு அமிலத்தில் ஊறவைத்தார். மரத்தின் நார் பஞ்சைவிட இறுக்கம். அமிலம் அவ்வளவு ஆழமாக ஏறாது, நெருப்பும் அவ்வளவு வேகமாகப் பரவாது. கடைசியில் அந்த மணிகளை வெடியுப்பும் பேரியம் நைட்ரேட்டும் கரைத்த நீரில் நனைத்து உலர்த்தினார். இந்த உப்புகளால் கொஞ்சம் புகை வந்தது. கருமருந்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ராணுவத் துப்பாக்கிக்கு அது உதவவில்லை. காரணம் எளிது. ரைஃபிளில் குண்டு குழலுக்குள் இறுகிப் பிடித்தபடி நகரும், அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற நார்மருந்து இன்னும் வெறியாக எரியும். ரவைத் துப்பாக்கியில் குழல் அகலம், ரவை தளர்வாக வழுக்கிக்கொண்டு ஓடும், அழுத்தம் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலும் சட்டென்று பற்றும் மருந்துதான் அதற்கு வேண்டும். ரைஃபிளுக்குக் குற்றமாக இருந்த அந்தத் துரிதம் ரவைத் துப்பாக்கிக்கு இலட்சணமாகிவிட்டது. ராணுவம் காத்திருந்த இருபது ஆண்டுகளில் பறவை வேட்டைக்காரர்கள் முந்திக்கொண்டது இதனால்தான்.

1860-களின் இறுதியில் ஷூல்ட்சே மருந்துக்கென்று ஓர் ஆங்கிலக் கம்பெனி தொடங்கியது. தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள், ஃபிரித்தம் என்ற சிற்றூர் அருகே ஐவர்த் என்ற இடத்தில் ஆலை. வெடித்தால் பக்கத்தில் ஆளில்லாத இடம் வேண்டுமல்லவா? ஓடையை மறித்து ஒரு குளமும் வெட்டினார்கள்.

கம்பெனிக்கு ஒரு சிக்கல் இருந்தது. புதிய மருந்துக்குச் சக்தி அதிகம், எடை குறைவாகப் போட வேண்டும். ஆனால் வேட்டைக்காரனின் கையில் இருப்பது மூன்று டிராம் சிமிழ். அவன் தராசு வாங்கமாட்டான். துப்பாக்கிக் கடைக்காரனும் தன் தோட்டா நிரப்பும் கருவிகளை மாற்றமாட்டான். ஆகவே மருந்தையே சிமிழுக்கு ஏற்றபடி செய்தார்கள். உப்பியதாக, இலேசாக. 82 கிரெய்ன் கருமருந்து பிடிக்கும் அதே சிமிழில் 42 கிரெய்ன் ஷூல்ட்சே பிடிக்கும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அளக்கிற கைக்கு எதுவும் மாறவில்லை. இத்தகைய மருந்துகளுக்குக் கன அளவு மருந்து என்று பெயர் வந்தது. எனக்கு இந்த முடிவு மரத்தைத் தேர்ந்த யோசனையைவிடப் பெரியதாகப் படுகிறது. பழக்கத்தை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டு, பழக்கத்துக்கு ஏற்பப் பொருளின் அடர்த்தியை வடித்திருக்கிறார்கள்.

கனம் ஒன்றானதால் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. மருந்து ஈரம் குடித்தால் மந்தமாகும். கணப்படுப்புக்கு மேலே அலமாரியில் வைத்துக் காய்ந்துவிட்டால் மூர்க்கமாகும். பழைய கேப்பின் தீப்பொறி போதாமல் விசையை இழுத்தபின் சற்றுத் தாமதித்து வெடிக்கும், அதற்குள் குறி தப்பும். மேலே தக்கையை இறுக்கி அடைக்காவிட்டால் பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே கொட்டும். அமெரிக்காவில் டிட்மார் என்பவர் 1870-களில் இதே பாணியில் செய்த மரமருந்து, துப்பாக்கிகளை உடைப்பதாகப் பெயர் வாங்கியது. விளம்பரங்களை நம்புவதா வதந்தியை நம்புவதா என்று ஆட்கள் திணறினார்கள்.

இதற்கு நடுவில் நின்றவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஜான் ஹென்றி வால்ஷ், லண்டனின் 'தி ஃபீல்ட்' வார இதழின் ஆசிரியர், 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்ற புனைபெயரில் நாயையும் குதிரையையும் துப்பாக்கியையும் பற்றி எழுதிக் குவித்தவர். அடிப்படையில் அறுவை மருத்துவர். தன் துப்பாக்கி வெடித்து இடக்கையின் ஒரு பகுதியை இழந்தவர். அவருடைய இதழ் துப்பாக்கிகளுக்கும் மருந்துகளுக்கும் பொதுச் சோதனைகள் நடத்தி முடிவுகளை அச்சிட்டது. 1875-இல் நடந்தது அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு மருந்து நல்லதா என்ற கேள்விக்கு எத்தனை ரவை இலக்கில் விழுந்தது, எவ்வளவு ஆழம் துளைத்தது என்று எண்ணிப் பதில் சொல்லும் வழக்கம் இப்படி வளர்ந்தது. ஐவர்த் ஆலையிலும் கிரிஃபித் என்பவர் 1887-இல் சுழலும் இலக்கை வைத்து, ரவைக் கூட்டம் காற்றில் எவ்வளவு நீளத்துக்கு இழுபட்டுப் பறக்கிறது என்று அளந்தார்.

ஒரு சோகக் கிளைக்கதையும் உண்டு. வியன்னாவில் ஃபோல்க்மன் என்பவர் 1870-களின் தொடக்கத்திலேயே ஷூல்ட்சேயின் மரமணிகளை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் நனைத்துப் பசையாக்கிக் கெட்டிப்படுத்தினார். நார் கரைந்து காற்றறைகள் அடைபட்டால் மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரியும். கட்டை எரிவதுபோல. வியேய் பின்னால் செய்த காரியத்தின் சாரம் இதுதான். வெடிமருந்து செய்யும் உரிமை அரசுக்கே உரியது என்று சொல்லி ஆஸ்திரிய அரசு 1875-இல் ஃபோல்க்மனின் ஆலையை மூடிவிட்டது. புகையில்லாத ரைஃபிள் அவர்கள் வாசலுக்கு வந்து திரும்பிப் போயிற்று.

இங்கிலாந்தில் அந்த யோசனை அரைகுறையாக மறுபடி வந்தது. ஸ்டோமார்க்கெட் என்ற ஊரில் 1871-இல் வெடிபஞ்சு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஊரிலிருந்து 1882-இல் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் கம்பெனி ஈ.சி. என்ற மருந்தைக் கொண்டுவந்தது. கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள்தான். இது பருத்திக் கூழிலிருந்து உருட்டிய மணிகள். மேல்தோலை மட்டும் கரைப்பானால் கெட்டிப்படுத்தி, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் ஏற்றியிருந்தார்கள். ஈரம் எளிதில் ஏறாது, சுட்டால் சீராக இருக்கும். இதுவும் 42 கிரெய்ன், அதே சிமிழ். பின்னாளில் அமெரிக்கர்கள் ஈ.சி. மருந்தைக் கையெறி குண்டுக்குள் நிரப்பினார்கள். வாத்துக்குச் செய்தது அங்கே போய்ச் சேர்ந்தது.

இனி ஆபத்து. 1884-க்குப் பிறகு முழுக்கப் பசையாக்கிய மருந்துகள் வந்தன. 1887-இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் சேர்த்துப் பாலிஸ்டைட் செய்தார். 1889-இல் பிரிட்டிஷ் அரசுக்காக ஏபெலும் டியூவரும் கார்டைட் செய்தார்கள், நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 என்ற விகிதம். நீலகிரி மலைரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு நிலையம் நினைவிருக்கும். அங்கே 1903-இல் எழுந்த கார்டைட் ஆலையின் பெயர் இந்தப் பொருளிலிருந்து வந்ததுதான்.

கார்டைட் ரைஃபிளுக்கானது. பாலிஸ்டைட் ரவைத் தோட்டாவுக்கும் வந்தது. அது அடர்ந்த மருந்து. 12 போருக்கு 26 கிரெய்ன் அளவே போதும், அதைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஆனால் மூன்று டிராம் சிமிழ் இன்னும் எல்லோர் வீட்டிலும் இருந்தது. முப்பது ஆண்டுகளாக எந்தப் புகையில்லா மருந்தானாலும் அதே சிமிழ் போதும் என்று பழகிய கை. டப்பா மாறியதைக் கவனிக்காமல் சிமிழ் நிறைய அடர்ந்த மருந்தை அள்ளிப் போட்டால், தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். குழல் வெடிக்கும் இடம் இடக்கை பிடித்திருக்கும் இடத்துக்கு வெகு அருகில். கருமருந்தின் மன்னிக்கும் குணம் இதற்குக் கிடையாது.

கருமருந்தும் முற்றிலும் சாதுவல்ல. ஜிம் கார்பெட்டைத் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் படித்திருப்பீர்கள். அவர் சிறுவனாகக் காட்டில் தூக்கித் திரிந்த முதல் துப்பாக்கி, வாய்வழி மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல். அதில் ஒரு குழல் அவர் கைக்கு வரும்போதே பிளந்திருந்தது. அதைத் தொடாமல் மற்றொன்றை மட்டும் வைத்துச் சமாளித்தார். அடர்ந்த மருந்து பிளந்திருந்தால் கதை சொல்ல ஆளிருந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

முன்பு ஆளைக் காப்பாற்றிய ஏற்பாடு, அதாவது சிமிழுக்கேற்ற மருந்து என்பது, அடுத்த தலைமுறைக்குப் பொறியாகிவிட்டது. கம்பெனிகள் எச்சரிக்கை அச்சிட்டன. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில், நைட்ரோ மருந்துக்குச் சோதித்த குழல் என்று தனி முத்திரை குத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1890-களில் ட்யூபான்ட் கன அளவு மருந்தையே விற்றது. போட்டியாளரான லாஃப்லின் அண்ட் ராண்ட் அடர்ந்த மருந்தைக் கொண்டுவந்து அதற்கு 'இன்ஃபாலிபிள்' என்று பெயர் வைத்தது. தவறவே தவறாதது என்று பொருள். சிமிழால் அளக்கிற ஆளிடம் அப்படி ஒரு பெயரைக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

கடைசியில் ஆலைகளே தோட்டாவை நிரப்பி விற்கத் தொடங்கியபோது கை அளக்கும் வேலை பெரும்பாலும் போனது. ஆனால் வாங்குகிறவனுக்கு ஒரு மொழி வேண்டுமே. அவனுக்குத் தெரிந்தது டிராம்தான். எனவே இத்தனை டிராம் கருமருந்து போட்டால் என்ன வேகம் வருமோ அந்த வேகம் இதில் உண்டு என்று பெட்டியில் எழுதினார்கள். அதுதான் 'சமானம்'. 1⅛ அவுன்ஸ் ரவையோடு 3 டிராம் என்றால் நொடிக்கு 1200 அடி. 2¾ டிராம் என்றால் 1145 அடி. அதே 3 டிராமில் ரவை ஒரு அவுன்சாகக் குறைந்தால் 1235 அடி. மருந்தின் எடையைச் சொன்ன எண், ரவையையும் சேர்த்துப் படித்தால் மட்டும் பொருள்தரும் வேகக் குறியாகிவிட்டது. தோட்டாவைத் தானே நிரப்புகிற ஒருவர் அந்த எண்ணை எடை என்று நினைத்து 5.3 கிராம் இன்றைய மருந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மருந்து நிரப்பும் கையேடுகள் டிராமைப் பார்த்து நிரப்பாதே என்று இன்றும் எச்சரிக்கின்றன.

ஐவர்த் ஆலை 1920-களில் மூடப்பட்டது. கட்டடங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. குளம் இருக்கிறது. ஃபிரித்தம் போகிறவர்கள் குளத்துக்குப் போகும் வழியில் கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பழைய தபால்பெட்டியைப் பார்க்கலாம். தபால்காரர் கீழே ஆலைவரை நடக்க வேண்டாம் என்று வைத்தது. இப்போது குளத்தில் வாத்துகள் நீந்துகின்றன.